வரச் சொல்லும் வரை

மார்ச் 12

கண்டக்டர் ஐயாவுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனாலும் இடுப்புக்கு மேலே எல்லாம் நலம்தான், பசி உட்பட. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை டிப்போ கேன்டீனே கதி என்று கிடக்கிறீர்களா?

இந்தப் பயிற்சி இல்லம் பழைய பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. நீளமான வராந்தா, இரண்டு பக்கச் சுவரிலும் கைப்பிடிக் கம்பி. ஆபீசில் ஒரே ஒரு போன். அதற்கு எப்போதும் வரிசை நிற்கிறது. நாம் பேசுவதைப் பின்னால் நிற்பவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, நடுவில் யோசனையும் சொல்கிறார். அதனால் கடிதமே எழுதுகிறேன்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "முதுகுத்தண்டுல இருந்த கட்டியை எடுத்தாச்சு, அது மறுபடி வராது. ஆனா அது அழுத்திட்டிருந்த நரம்பு எவ்வளவு திரும்பும்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். இடது கால் தூக்கினால் தூக்கிய இடத்தில் நிற்பதில்லை. பாதம் தொங்குகிறது. கண்ணை மூடினால் அந்தக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வலது காலுக்குப் பலம் இருக்கிறது, ஆனால் அதற்குச் சுடுவதும் குளிர்வதும் தெரியாது. இரண்டும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டு என்னை ஏமாற்றுகின்றன. ஊரெல்லாம் மாடிமாடியாக ஏறிக் கரண்ட் மீட்டர் பார்த்தவளுக்கு இந்தக் கதி.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. நான் எழுதும் வரை நீங்கள் இங்கே வர வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நம் வீட்டு மாடியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்களே, அப்போது உங்கள் முகத்தை ரொம்பப் பக்கத்தில் பார்த்தேன். அந்த முகத்தைப் படுத்துக்கொண்டே இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நிற்கிற நாளில் பார்த்துக்கொள்கிறேன்.

துணைக்கு வந்திருக்கும் உங்கள் அக்காவை, என் அண்ணியை, கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
மின்சாரம்


மார்ச் 24

என் மின்சாரத்துக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நானும் அக்காவும் சுகம். முதுகுவலி அப்படியே இருக்கிறது, அது நம் குடும்பத்தில் ஒருத்தியாகிவிட்டது. உனக்குத் தூக்கம் வருகிறதா? சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா?

வராதே என்று எழுதியிருக்கிறாய். டூட்டிக்கு நடுவில் பிரித்துப் படித்தேன். படித்த வேகத்தில் ஒரு நிறுத்தத்தில் விசில் கொடுக்க மறந்துபோனேன். வண்டி நிற்காமல் போக, ஒரு பெரியம்மா "ஏம்பா, நான் என்ன அடுத்த ஊருக்கா போறேன்?" என்று சத்தம் போட்டார். சரி, வரவில்லை. நீ சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அதுதானே சட்டம்.

அக்கா வந்ததிலிருந்து வீடு சுத்தமாக இருக்கிறது. எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இல்லை. "அவ இல்லாம நீ பேய் மாதிரி திரியற" என்று திட்டுகிறாள். உன் செருப்பை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைக்கப் பார்த்தாள். அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

நிற்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று சொல்கிறேன், இது என் தொழில். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் சீட்டு கிழிக்க வேண்டுமென்றால் காலை ஒட்டி வைக்கக் கூடாது, கொஞ்சம் அகட்டி வைக்க வேண்டும். முட்டியை விறைப்பாக வைக்கக் கூடாது, துளி தளர்த்திவிட வேண்டும். தரையைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். வளைவு வரும் என்று உடம்புக்குத் தானாகத் தெரிந்துவிடும். புதிதாக வருகிற கண்டக்டர்கள் எல்லாரும் முதல் வாரம் யார் மடியிலாவது விழுந்தவர்கள்தான். நானும் விழுந்திருக்கிறேன். யார் மடி என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
கண்டக்டர்


ஏப்ரல் 9

கண்டக்டர் ஐயாவுக்கு,

யார் மடி என்று நேரில் விசாரித்துக்கொள்கிறேன். நீங்களும் அண்ணியும் சௌக்கியம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் தெம்பாக இருக்கிறேன்.

எனக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது என்னைவிடக் குறைவு, குரல் ரொம்ப மெது. ஆனால் அவள் வாயில் வருவது ஒரே வசனம், "இன்னொரு தடவை." முடியவில்லை என்று அழுதாலும் சரி, பிரமாதமாகச் செய்தாலும் சரி, "இன்னொரு தடவை." வார்டு முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். "இன்னொருதடவை வந்தாச்சா?" என்று கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் பஸ் பாடத்தை அவளிடம் சொன்னேன். "யார் சொன்னது? ரொம்பச் சரி" என்றாள். உங்களுக்குப் பெருமை தாங்காது என்று தெரியும், கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு எடை பார்க்கும் மெஷினை வைத்துவிடுகிறாள். எதிரே பெரிய கண்ணாடி. நான் நேராக நிற்பதாகத்தான் நினைக்கிறேன். கீழே பார்த்தால் மொத்த பாரமும் வலது காலில் இருக்கிறது. இடது மெஷினின் முள் அசையவே இல்லை. எத்தனை வீட்டு மீட்டரைப் படித்தவள் நான், என் மீட்டரையே இப்போதுதான் படிக்கிறேன். முள்ளைப் பார்த்துக்கொண்டே இடுப்பை இடது பக்கம் தள்ள வேண்டும். தள்ளினால் கீழே விழப்போகிறோம் என்று உடம்பு பதறுகிறது. விழமாட்டோம் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இங்கே பாதி வேலை.

இடது காலுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். அவ்வளவு முறுக்கு. நாலு பேர் கெஞ்சி, கைகொடுத்து, முன்னாலும் பின்னாலும் ஆள் போனால்தான் ஒரு அடி எடுத்து வைப்பார். பக்கத்துக் கட்டில் அம்மாவை நாங்கள் ரேடியோ என்போம், வாய் ஓயவே ஓயாது. அவர் காலை எழுந்ததும் "மாப்பிள்ளை கோவம் தீந்துதா?" என்றுதான் கேட்பார்.

கண்ணை மூடி நிற்பது மட்டும் இன்னும் வரவில்லை. மூடிய உடனே உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

உங்கள்
மின்சாரம்


ஏப்ரல் 25

என் மின்சாரத்துக்கு,

நலம். உன் நலத்தைத்தான் ஒவ்வொரு வரியாகத் தேடிப் படிக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். பெண் வீட்டுக்காரர்களாகிய நாங்கள் எந்தக் குறையும் வைக்கமாட்டோம், தயவுசெய்து கோபத்தை விட்டுவிட்டு எழுந்தருள வேண்டும் என்று சொல்.

போன வாரம் நம் வீட்டுக்கு மீட்டர் பார்க்க ஆள் வந்தது. உன் இடத்துக்குப் போட்டிருக்கும் புதுப் பெண். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமாக ஏறுகிற சத்தம், திருப்பத்தில் ஒரு நொடி நின்று மறுபடி ஏறுகிற சத்தம். நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். துண்டோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்தே போயிற்று. மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். "அக்கா எப்படி இருக்காங்க சார்? ஆபீஸ்ல எல்லாரும் கேட்டதா சொல்லுங்க" என்றது. சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. சத்தமில்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. சத்தம் கேட்டு, அது நீ இல்லை என்று ஆனது பார், அதுதான்.

ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போகட்டுமா? காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்பிவிடுகிறேன். உன் கால் பக்கம் பார்க்கவே மாட்டேன். என் முகத்தையும் நன்றாகத் துடைத்துச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு வருகிறேன். யோசித்துப் பதில் போடு.

உன்
கண்டக்டர்


மே 11

கண்டக்டர் ஐயாவுக்கு,

சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுதுங்கள். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே நாலு நாளாக மழை. எதிர்ச் சுவர் முழுக்க ஈரம். ஜன்னலோரம் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது.

ரேடியோ அம்மாவுக்கு வீட்டுக்குப் போக நாள் வந்துவிட்டது. சக்கர நாற்காலியில்தான் போனார். வாசல்வரை பேசிக்கொண்டே போனார், வண்டிக் கதவைச் சாத்திய பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. இப்போது வார்டில் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்கிறது.

எனக்குப் பாதம் தொங்காமல் இருக்க பிளாஸ்டிக் தாங்கி ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே பட்டையால் கட்டி, மேலே ஷூ போட வேண்டும். வாக்கர் பிடித்து வராந்தாவில் போகிறேன். எல்லாம் நன்றாகவே போகிறது.

நீங்கள் கேட்டதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். மழை வந்தால் அண்ணிக்கு மூட்டுவலி வருமே, தைலம் மாடத்தில் இடது பக்கம் இருக்கும்.

உங்கள்
மின்சாரம்


ஜூன் 3, செவ்வாய், சாயங்காலம்

என் கண்டக்டர் ஐயாவுக்கு,

நீங்கள் நலமா? நான் ரொம்ப ரொம்ப நலம். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், பயிற்சி முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

போன கடிதத்தில் மழையையும் பூனையையும் எழுதினேன். எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லாத நாட்கள் அவை. ரேடியோ அம்மா போன பிறகு பத்துப் பதினைந்து நாள் நான் சரியாகப் பயிற்சிக்கே போகவில்லை. போனாலும் மாப்பிள்ளை அசையவில்லை. இதெல்லாம் எதற்கு என்று படுத்தே கிடந்தேன். அதை உங்களுக்கு எழுத மனம் வரவில்லை.

ஆனால் இன்றைக்கு ஒரு பெரிய காரியம் செய்துவிட்டேன். வந்த நாளிலிருந்து நான் எதைக் கண்டு அதிகமாகப் பயந்தேனோ, அதையே இன்றைக்குச் செய்தேன். முடித்ததும் இன்னொருதடவை என்ன செய்தாள் தெரியுமா? தன் வசனத்தை மறந்துவிட்டாள்! "போதும்க்கா, இன்னைக்கு இது போதும்" என்று என் தோளைத் தட்டினாள்.

என்ன காரியம் என்று சொல்லமாட்டேன். நேரில் செய்து காட்டுகிறேன். உங்களை வரச் சொல்லும் நாள் தூரத்தில் இல்லை. இன்று முதல்தடவையாக, உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பயமில்லாமல் ஆசையாக இருக்கிறது. பயிற்சிக் கூடத்தில் மூச்சிரைக்க நிற்கும்போது, இந்த நிமிஷம் நீங்கள் இங்கே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

உங்கள்
மின்சாரம்


ஜூன் 9

அன்புள்ளவளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

நீ என்னைத் தேற்றுவதற்காக எழுதுகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. வேண்டாம். நமக்குள் எதற்கு அது? இத்தனை மாதம் நீ பட்டது போதும், வீட்டுக்கு வந்துவிடு. நடந்துதான் ஆக வேண்டும் என்று யார் அழுதார்கள்? யாரும் கைகொடுக்காமல் நீ தரையில் கிடந்து அல்லாட வேண்டிய அவசியம் என்ன? அங்கே இருப்பவர்களுக்கு அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. எனக்கு நீ பெண்டாட்டி.

டிப்போவில் சொல்லிக் காலை டூட்டி மட்டும் கேட்டிருக்கிறேன், கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கூடவே இருப்பதாகச் சொல்கிறாள். நல்ல சக்கர நாற்காலி ஒன்று வாங்கி ஹாலில் வைத்திருக்கிறேன். கீழ் வீட்டுக்காரர் அவர்கள் போர்ஷனை நமக்கு மாற்றிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். இரு, அது போதும் எனக்கு.

எப்போது வந்து அழைத்துப் போகலாம் என்று ஒரு வரி எழுது.

உன்
கண்டக்டர்


ஜூன் 17

வணக்கம்.

உடல்நலத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் எழுதியது பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்து என்று எனக்குப் புரியவில்லை. மாடியைக் காலி செய்ய, நாற்காலி வாங்க, டூட்டி மாற்ற எல்லாரையும் கேட்டிருக்கிறீர்கள். கீழ் வீட்டுக்காரரைக்கூடக் கேட்டிருக்கிறீர்கள்.

இன்னொருதடவையிடம் ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "போகணும்னா போங்கக்கா, யாரும் தடுக்க முடியாது. ஆனா நரம்பு திரும்பறது இந்த மாசங்கள்லதான். இப்போ விட்டா அப்புறம் நாம கூப்பிட்டாலும் வராது" என்றாள்.

நான் இருக்கிறேன். இங்கே.

இப்படிக்கு


ஜூலை 8

என் மின்சாரத்துக்கு,

சுகமா? மூன்று வாரமாகத் தபால்காரர் நம் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் போகிறார். நான் எழுதிய இரண்டு கடிதமும் உனக்கு வந்திருக்கும். வரவில்லை என்று வைத்துக்கொண்டு இதையும் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடும் இடத்தில் நீ ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தாய். அதற்குப் பதில் நாலு திட்டு எழுதியிருக்கலாம்.

அக்காவுக்கு நம் விஷயம் தெரிந்துவிட்டது. "பொண்டாட்டியை நோயாளின்னு நெனச்சுட்டே. அவ மீட்டர் பாக்கற காலத்துல நாய் துரத்தினாக்கூட ரீடிங் எழுதிட்டுத்தான் ஓடுவா. உனக்கு என்ன வந்துச்சு திடீர்னு?" என்று கேட்டாள். எனக்கு என்ன வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லும் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் நான் அப்படி எழுதவில்லை. ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் எனக்கும் உலகம் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

நாற்காலியை மடித்து அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கீழ் வீட்டில் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாம் மாடியில்தான் இருக்கிறோம். சாயங்காலத்தில் வராந்தாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறேன். நீ வருகிற நேரம் வந்து, போய்விடுகிறது.

ஒரு வரி எழுது. திட்டாக இருந்தாலும் போதும்.

உன்
கண்டக்டர்


ஜூலை 26

கண்டக்டர் ஐயாவுக்கு,

நலமா? நான் நலம். கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதாததற்குக் கோபம்தான் காரணம், மறைக்கவில்லை. இப்போது நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

வாக்கரை விட்டுவிட்டு, முழங்கையில் மாட்டுகிற ஊன்றுகோல் ஒன்றோடு நடக்க ஆரம்பித்திருக்கிறேன். நேற்றுதான் முதல்முறையாகக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து கேட்டுவரை போனேன். அங்கே வாட்ச்மேன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் இதைப் பாத்திருக்கணும்மா. அன்னைக்குப் பாவம், அழுதுட்டே போனாரு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவர் எப்போ வந்தாரு?" என்றேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, "சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. ஆனா நீங்க இவ்வளவு தூரம் நடந்து வந்த பெறகு எப்படிம்மா சொல்லாம இருக்கறது?" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. டூட்டி முடிந்து நேராக ரயில் ஏறியது போல, கண்டக்டர் சட்டையோடு ஒருவர் வந்தாராம். "தூரத்துலேருந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றாராம். வாட்ச்மேனே வழி காட்டியிருக்கிறார். பயிற்சிக் கூடத்துக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றவர், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாராம்.

தரையில் கிடந்து அல்லாட வேண்டாம் என்று எழுதினீர்களே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

கேளுங்கள். நீங்கள் பார்த்தது நான் விழுந்ததை இல்லை. விழுவதற்குப் பாடம் எடுத்தார்கள். இங்கே எல்லாருக்கும் அந்தப் பாடம் உண்டு. இனி வாழ்நாள் முழுக்க நான் அவ்வப்போது விழத்தான் போகிறேன், அதனால் எப்படி விழுவது, எப்படி எழுவது என்று கற்றுக்கொண்டே ஆக வேண்டும். நான் வந்த நாளிலிருந்து பயந்தது அதற்குத்தான். மாதக்கணக்கில் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அன்றைக்குச் சரி என்றேன். விரிப்பின் மேல் நிறுத்தி, சொல்லாமல் லேசாகத் தள்ளினாள். கையை ஊன்றாமல், உடம்பைச் சுருட்டி, பக்கவாட்டில் விழ வேண்டும். விழுந்தேன். பிறகு அவள் நாலடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் தொடக்கூடாது, அதுதான் பாடம். நான் குப்புறப் புரண்டு, மாப்பிள்ளையைக் கையால் இழுத்துக்கொண்டு நாற்காலிவரை தவழ்ந்தேன். பாதி வழியில் முடியாமல் விரிப்பில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். அதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் போனது அப்போதுதான். இன்னும் ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் நின்றிருந்தால், நாற்காலியின் இருக்கையில் கையை ஊன்றி, நல்ல காலை முன்னால் வைத்து, நான் எழுந்து நின்றதைப் பார்த்திருப்பீர்கள். யார் கையும் படாமல் எழுந்தேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நீங்கள் அப்போது கேட் தாண்டியிருப்பீர்கள்.

நேற்று ராத்திரி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் வந்ததற்குத் திட்டினேன். வந்தவர் கண்ணாடியைத் தட்டாமல் போனதற்கு அதைவிட அதிகமாகத் திட்டினேன். நான் இங்கே நின்று, நீங்கள் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் தனியாக அழுதுகொண்டே போயிருக்கிறீர்கள். இதை நினைத்தால் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. உங்களை அப்படி ஒளிந்து வந்து பார்க்க வைத்ததும் நான்தானே.

நாற்காலியைக் கொடுத்துவிடாதீர்கள். அதிக தூரம் போகும் நாட்களில் வேண்டியிருக்கும் என்று இன்னொருதடவை சொல்கிறாள். ரேடியோ அம்மா அதில் உட்கார்ந்துகொண்டு ஊரையே சுற்றி வருகிறாராம். எனக்கு நாற்காலிமேல் ஒரு விரோதமும் இல்லை. என்னைக் கேட்டு வாங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

முன்பு நடந்த மாதிரி இனி நடக்க வராது. தாங்கியும் ஊன்றுகோலும் எப்போதும் வேண்டும். டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். மீட்டர் வேலைக்குத் திரும்ப முடியாது, ஆபீசில் உட்காரும் வேலை கேட்டு எழுதிப்போட வேண்டும். இதை எழுதிவிட்டுப் பார்த்தால், இவ்வளவு நாள் இதற்காகத்தான் உங்களை வர விடாமல் வைத்திருந்தேன் என்று தோன்றுகிறது.

வாங்க. அடுத்த ஞாயிறு வாங்க.

உங்கள்
மின்சாரம்


ஆகஸ்ட் 7

என் மின்சாரத்துக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். அக்கா சுகம். நான் சுகம் என்பதை நீயே பார்த்தாய். மாப்பிள்ளை எப்படி? ஞாயிற்றுக்கிழமை நடந்த நடைக்கு அவர் திங்கட்கிழமை முழுக்க லீவு போட்டிருப்பார்.

நேரில் அவ்வளவு நேரம் இருந்தும் நான் அதிகம் பேசவில்லை. நீ கூட "என்ன, சில்லறை இல்லாத மாதிரி உட்காந்திருக்கீங்க?" என்று கேட்டாய். அதனால் இப்போது எழுதுகிறேன்.

விழுந்து காட்டுகிறேன் என்று நீ விரிப்பின்மேல் போய் நின்றபோது, இன்னொருதடவை என்னை அவள் பக்கத்தில் நிறுத்தி, "சார், கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றாள். கட்டிக்கொண்டேன். நீ விழுந்தாய். என் கை என்னைக் கேட்காமலே பிரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்காமலே, "கட்டிக்குங்க" என்றாள். நீ தவழ்ந்து வந்த அந்தக் கொஞ்ச தூரத்தில், இத்தனை வருஷம் பஸ்ஸில் நின்றே பழகிய என் கால்கள் கிடுகிடு என்று ஆடின. நீ எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். அப்புறம் என்னையும் விழச் சொன்னாள். நான் விழுந்த அழகையும், நாற்காலியோடு சேர்ந்து மறுபடி விழுந்த அழகையும் நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாய், சொல்லிக்கொள்.

உன் முகத்தை அவ்வளவு நாள் கழித்துப் பார்க்கிறேன். இளைத்திருக்கிறாய். காதோரம் கொஞ்சம் நரைத்திருக்கிறது. நான் என் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டுதான் வந்தேன். கேட்டில் நீ நின்ற நிலையைப் பார்த்ததும் அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

பஸ் நிறுத்தம்வரை வந்து என்னை வழியனுப்பினாய். நான் ஏறினேன். வண்டி கிளம்பியதும் நீ திரும்பி நடக்க ஆரம்பித்தாய். பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வந்து, "எங்க சார் போகணும்?" என்றான். "இறங்கணும்" என்றேன். "இப்பத்தானே ஏறினீங்க?" என்று முறைத்தான். நானாக இருந்தாலும் முறைத்திருப்பேன். விசில் கொடுத்து நிறுத்தினான்.

இறங்கி ஓடி வந்து உன்னைக் கூப்பிடத்தான் நினைத்தேன். கூப்பிடவில்லை. ஒரு கடையோரம் நின்றுகொண்டேன். நீ ஊன்றுகோல், மாப்பிள்ளை, நல்ல கால் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தாய். சாக்கடை மூடி கொஞ்சம் தூக்கியிருந்த இடத்தில் உனக்குக் கால் இடறியது. என் உயிர் போய் வந்தது. நீ ஒரு கையால் சுவரைத் தொட்டு நின்றாய். மூச்சு வாங்கினாய். பிறகு அந்த மூடியை ஊன்றுகோலால் ஒரு தட்டுத் தட்டி ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை, நல்ல வார்த்தையாக இருக்காது என்று மட்டும் தெரிந்தது. தாண்டிப் போனாய்.

என் கை இரண்டும் பின்னால் கட்டியபடியே இருந்தன. நானாகவே கட்டிக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டுக்குள் போகும்வரை நின்றேன். வாட்ச்மேன் எழுந்து உனக்கு வழிவிட்டார். கட்டடப் படியை ஏறினாய். வராந்தாவின் திருப்பத்தில் நீ மறைந்த பிறகும், ஊன்றுகோல் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தேன். அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேட்கும்?

அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

உன்
கண்டக்டர்